பதினாறு, கழிவு மூணு

வாத்துக்கு ஏது உதடு?
ஆனாலும் உதடு பொருந்தணும் என்கிறார்
சாலிகிராமத்திலிருந்து ரகோத்தமன்.
அலகு திறந்தால் ஆ.
மூடினால் ம்.
அதற்குள் ஒரு ராஜாவைக் கிழிக்க வேண்டும்,
பதினெட்டு நொடியில்,
குழந்தைகளுக்குப் புரிகிற மாதிரி,
சென்சாருக்குப் புரியாத மாதிரி.

ராஜா ஒரு வான்கோழி.
கோபம் வந்தால் கழுத்துத் தொங்கல் சிவந்து
கிரீடத்தைவிடப் பெரிதாக உப்பும்.
வரைந்தவன் எந்த நாட்டுக்காரனோ,
யாரிடம் வேலை பார்த்தானோ,
அந்தத் தொங்கலை மட்டும்
அத்தனை பொறுமையாக வரைந்திருக்கிறான்.
வாத்துகள் சோளம் சுமந்து வந்து
அரண்மனைத் தராசில் கொட்டுகின்றன.
கொட்டிவிட்டுப் பாடுகின்றன.

முதல் வரிக்கு 'ஆணவம்' கச்சிதம்:
திறந்து, திறந்து, மூடிக்கொள்கிறது.
மூன்றாம் வரியில் மாட்டிக்கொண்டேன்.
முதலில் மூடிய அலகு, பிறகு திறப்பு,
மறுபடி மூடிய அலகு.
கோத்தகிரியில் கரண்ட் போய்விட்டது.
லேப்டாப்பில் இருபது சதவீதம்.
ஜன்னலில் மஞ்சு, வெள்ளைத் துணி கட்டின மாதிரி.
அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல்,
இலை நிறுக்கிற கொட்டகை.
மரியசூசையின் குரல் மட்டும் வந்தது:

'பதினாறு. கழிவு மூணு. பதிமூணு.
அடுத்தது.'

ப. மூடித் திறக்கிறது.
மறுபடி ப.
திருடினேன். வேறென்ன சொல்ல?

பதினாறு பறிச்சா பதிமூணு,
பாக்கி எங்கே மகராசா?
மூட்டைக்கு ஈரமாம் அந்த மூணு,
மொடாத் தொப்பை நனைஞ்சாச்சா?

ரகோத்தமன் இரண்டு கைதட்டல் படம் அனுப்பினார்.
பணம் நான்கு மாதம் கழித்து வந்தது,
வரி பிடித்தம் போக.

அரையாண்டு லீவில்
எஸ்டேட் பள்ளிச் சுவரில் படம் போட்டார்கள்.
சுவரில் ஏற்கெனவே ஒரு வாய்ப்பாடு இருந்ததால்
ராஜாவின் வயிற்றில் பதினாறாம் வாய்ப்பாடு தெரிந்தது.
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
பெண்கள் சிரிக்கவில்லை.
போர்வைக்குள்ளிருந்து முப்பது முகம் மெல்லத் திரும்பி
முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தது.
அதில் மரியசூசை
கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.
'அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தரம் போடுப்பா!'

போட்டார்கள்.

திங்கட்கிழமை நான் பால் வாங்கப் போனேன்,
அல்லது அப்படி ஒரு சாக்கு.
கொட்டகையில் வரிசை.
செங்கமலம் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.
'பதினாறு' என்றார் அவர்.

வரிசையில் யாரோ 'ம்ம்' என்றார்கள்.
மெட்டு.
வாய் திறக்கவில்லை ஒருத்தியும்.
பின்னால் நின்றவள், அதற்குப் பின்னால் நின்றவள்,
கூடைக்கயிறு நெற்றியில் அழுந்த,
அத்தனை பேரும் மூடிய வாயோடு.
உதடு பொருத்த ஆறு வருடமாகக் கூலி வாங்குகிறேன்.
அசையாத உதட்டுக்கு எந்தச் சொல்லை வைப்பது என்று
எனக்குத் தெரியாது.

பேனா நோட்டுக்கு மேல் நின்றது.
அவர் கழுத்தைப் பார்த்தேன், பாவம்,
மப்ளர் சுற்றியிருந்தது.
'கழிவு…' என்றார்.
மஞ்சு உள்ளே வந்து போனது.
'…ரெண்டு.'

வியாழக்கிழமை மழை. மறுபடி மூணு.
வெள்ளியன்று ரெண்டரை.
தராசில் அப்படி ஒரு எண் இருப்பதே
செங்கமலத்துக்கு அன்றுதான் தெரியுமாம்.

பேக்கரியில் என்னைப் பிடித்துக்கொண்டார் மரியசூசை.
வர்க்கி பொட்டலம் ஒரு கையில்.
'நீங்கதான் எழுதினதாமே. பிரமாதம்.
ஒரு குறைதான்.
அந்த ராஜாவுக்குக் குரல் கொடுத்தவன் யாருங்க?'
மெட்ராஸில் யாரோ, என்றேன்.

'அதான்' என்றார்.
'தராசு முன்னால நின்னு பழக்கமில்லாத ஆளு.
பதினாறுன்னு சொல்றப்ப
குரல்ல ஒரு இது இல்ல.'