முதல் படத்தில் தெரியாது

மூன்று வாரம் போனால்தான் தெரியும் என்று
தவமலருக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது.

பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
இருபத்திரண்டு வருடம்.
பயிற்சிப் பிள்ளைகளை ஜீப்பில் கொண்டு வருவார்கள்,
தலை ஒட்ட வெட்டி, பிடரி வெயிலில் கருகி.
சப்பாத்தைக் கழற்று என்றால்
முதலில் கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள்.
'கொஹெத ரிதென்னே?'
என் சிங்களத்தில் பாதி இந்த இரண்டு சொல்.
முழங்காலுக்குக் கீழே
பெருவிரலால் அமத்திக் காட்டுவார்கள்.
படத்தில் ஒன்றும் இராது.
அந்த வெடிப்பு மயிரை விட மெல்லிசு,
எலும்பு தன்னை ஒட்டத் தொடங்கிய பிறகுதான்
வெள்ளையாய் ஒரு கோடு எழும்பும்.

சித்திரை கழிய வினுஜா உள்ளே போனாள்.
வீட்டிலிருந்து டொக்யாட் வாசல்
இரண்டு கிலோமீட்டர்.
அதைக் கடக்கையில் சைக்கிளை விட்டிறங்கி
அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி
நாங்கள் உருட்டிப் போன காலம் ஒன்று இருந்தது.
அவளுக்கு அது கதை.
"பென்சன் இருக்கு அப்பா" என்றாள்.

விடியப்புறம் நாலரைக்கு
காற்று இந்தப் பக்கம் திரும்பினால் விசில் கேட்கும்.
பிறகு சப்பாத்துகள்.
தவமலர் குசினிக்குள் நின்று எண்ணுவாள்.
இருநூறு சோடிக் கால்களில்
ஒன்று பிந்தினாலும் தனக்குத் தெரியுமாம்.
நான் சிரிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம், பத்து நிமிஷம் போன்.
சாப்பிட்டியா, முதுகுப் பை எத்தனை கிலோ,
கயிற்றிலிருந்து விழுந்த பிள்ளை எந்த ஊர்,
தாய்க்கு அறிவிச்சாச்சோ.
"உனக்குக் கால் நோகுதோ?"
"இல்லை."
அந்த இல்லைக்கு முன்னால்
ஒரு மூச்சு இருந்தது.
லைன் அறுந்த பிறகும்
தவமலர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

இன்று வேலை முடிந்து வர,
கோட்டை வாசலடியில் ஒரு மான்
பழக்கடை மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றது.
எவ்வளவு மெல்லிய கால்கள்.
மூன்றில் பாரம்,
நாலாவது நிலத்தில் முட்டியும் முட்டாமலும்.
ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.
அது ஒழுங்காகத்தான் நடந்து போனது,
ஆட்கள் பார்க்கும் வரைக்கும்.

சோறு போடும்போது கேட்டாள்,
வந்த பிள்ளைகளின் படத்தில் என்ன இருந்தது?
"ஒன்றுமில்லை."
பொய் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டுத் திரும்பினால்
சுவரில் கலண்டர்.
அந்த ஞாயிறிலிருந்து இருபத்தோராம் நாளில்
பென்சிலால் ஒரு புள்ளி.
நான் வைக்கவில்லை.
அன்றைக்குக் கோயில் விசேஷமும் ஒன்றுமில்லை.