அரைப்பேர்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
போன் திருத்தும் கடையின் மேல்தட்டில்
மூன்று கம்பளிகளைச் சுவரில் ஆணியடித்துப் பதிந்தோம்.
ஒன்பது பாட்டு. ஜூன் மாதம்.
மழையிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வழியில்லை.
தகரத்தில் அது இறங்கியபோது
டிலுக்சன் நிறுத்தவில்லை,
நானும் நிறுத்தவில்லை.
கரண்ட் போகுமுன் முடிக்க வேண்டும்.

கொழும்புப் பத்திரிகை எழுதியது:
"ஐந்தாம் பாட்டில் மழையைச் சேர்த்த விதத்தில்
தேர்ந்த ஒலிக்கலைஞரின் கை தெரிகிறது."
அந்தக் கை என்னுடையது.
அப்போது அது
ஒழுகிய இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துச் சஞ்சிகை
வேகத்தில் தவறிய ழகரங்களை எண்ணிக் கொடுத்தது.
பதினொன்று.
சென்னையில் ஒருவர்
அங்கேயும் இவ்வளவு நல்ல தமிழா என்று வியந்தார்.
இன்னொருவருக்கு ஒரே குறை:
மலையகத்துப் பிள்ளை,
ஒரு பாட்டிலும் தேயிலை இல்லையே.
இருந்தது, ஐயா.
ஏழாம் பாட்டு,
ஆட்டோவை லீசிங்காரன் இழுத்துப்போன காலையில்
அண்ணன் ஆறவிட்ட பிளேன்டீ.

இதற்கெல்லாம் சிரித்தான் டிலுக்சன்.
சிரிக்காதது கொழும்புக்காரரின் கடைசி வரிக்கு:
"கோபம் அதிகம். வயது ஏறப் பக்குவப்படும்.
ஐந்துக்கு இரண்டரை."

தோட்டத்தில் விமர்சனம் வேறுமாதிரி.
கணக்கப்பிள்ளை கோயிலடியில் மறித்தார்.
மூன்றாம் பாட்டில்
பதினெட்டுக்கு ஒரு கிலோ குறைந்ததென்று
அரைப்பேர் போடுகிற தராசு
எந்தத் தராசு?
கேட்டவருக்கு
முழுப் பாட்டும் மனப்பாடமாக இருந்தது.

அம்மா இரவில்தான் கேட்டாள்,
ஒரு காதில் மட்டும் இயர்போன்,
மறு காது குக்கருக்கு.
"ஏன்டா இவ்வளவு அவசரம்,
யாரு தொரத்துறா?"
பிறகு பத்திரிகையை வாங்கி
நட்சத்திரங்களை விரலால் தொட்டாள்.
ரெண்டு. அப்புறம் ஒரு ஒடஞ்சது.
"அஞ்சுல இவ்வளவுதானா?
அப்ப ஒனக்கும் அரைப்பேருதான்.
மீதிய எதுக்குப் புடிச்சானாம்,
சாக்குக்கா? ஈரத்துக்கா?"

டிலுக்சன் நிமிர்ந்தான்.
இன்னொருக்கா சொல்லும்மா.
நான் அவசரமாய்ப் போனைத் தேடி
ரெக்கோர்டை அழுத்தினேன்.

"போடா. விடிஞ்சா பெரட்டு."

பதிந்தது குக்கர் விசில் மட்டும்.
அதுவும்
சுதி கொஞ்சம் கீழே.