எண் இல்லாத கை

ரைஸ்வைக். நவம்பர். ஏழாம் மாடி.
நெதர்லாந்து மழை கண்ணாடியில் சாய்த்துச் சாய்த்து
எதையோ எழுதுகிறது, எழுத்துக் கூடவில்லை.
மேசையில் பின்லாந்திலிருந்து வந்த முப்பத்தொரு பக்கம்:
எஃகுத் தகட்டை அச்சு இல்லாமல் வடிக்கும் இயந்திரம்.
விண்ணப்பதாரர் ஓர்வோ கெட்டுனென், தம்பெரே.

கணினி ஆணையிட, ஓர் உருண்டை முனை
தகட்டின்மேல் சுற்றிச் சுற்றி இறங்கும்,
ஆரஞ்சுத் தோல் உரிப்பதைப்
பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பதுபோல.
வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
12 சட்டகம். 14 கவ்வி. 22 முனை.
30 தகடு.

எனக்கொரு கூட்டாளி உண்டு, சட்டம் கொடுத்த கூட்டாளி.
'துறை தெரிந்த ஆள்' என்று பெயர்.
உலகத்தில் எந்த மொழியில் எது வெளிவந்தாலும் படித்திருப்பார்.
கியர், உருளை, எண்ணெய்ப் பிசுக்கு, அத்தனையும் அத்துப்படி.
சொந்தமாக ஒரு யோசனை
ஒருநாளும் வந்ததில்லை.
கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து
நான் சீஸ் ரொட்டி தின்பதைப் பார்ப்பார்.
எதைக் காட்டியும் அவரிடம் ஒன்றே கேட்பேன்:
இது உமக்குத் தானாகத் தோன்றியிருக்குமா?
தோன்றியிருக்கும் என்பார், அநேகமாக.
பதினெட்டு வருஷம்.
எத்தனை பேருடைய ராத்திரிகளை
அந்த ஒற்றைச் சொல்லால் மூடியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் தேடலில் அகப்பட்டது.
பல்கேரியா, கப்ரோவோ, 1986.
பென்கா ஸ்தொய்லோவா, பொறியாளர்.
கட்டணம் கட்டாததால் காலாவதியான ஆறு பக்கம்.
சட்டகம், கவ்வி, முனை, துளைநாடாவில் ஆணைகள்:
கெட்டுனெனின் முதல் கோரிக்கை
முப்பத்தெட்டு வருஷமாக அங்கே படுத்திருக்கிறது.
உரிமை செத்துவிட்டது. சாட்சி சாகவில்லை.

கூட்டாளி எழுந்து கோட்டை மாட்டினார்.

உட்காரும், என்றேன்.
ஸ்தொய்லோவாவின் மூன்றாம் படத்தில் ஒரு கை இருக்கிறது.
மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்துவிடும் கை,
தகட்டின் அடியில் விரல் விரித்து.
அதற்கு எண் இல்லை.
உரையில் ஒரே ஒரு வரி:
'தகடு மீண்டெழும் அளவை இயக்குபவர்
தடவி அறிந்து மறுபடி அழுத்துவார்.'

எஃகு அப்படித்தான்.
அமுக்கும்வரை தலையாட்டும்,
விட்டதும் இரண்டு டிகிரி
தன் பிடிவாதத்துக்கே திரும்பும்.

கெட்டுனெனின் ஏழாவது கோரிக்கையில் கை இல்லை.
முனை ஒரு கணம் விலகும்.
தகடு எவ்வளவு திமிறியது என்று அளக்கும்.
இனி எங்கே திமிறுமோ அங்கே
முன்கூட்டியே கொஞ்சம் மிகையாக அமுக்கும்.

கைக்குப் பதில் கணினி,
யாருக்கும் தோன்றுமே, என்றார்.
கை, தடவிய இடத்தை மட்டும் அறியும்.
இது தடவாத இடத்துக்கும் பதில் வைத்திருக்கிறது, என்றேன்.
அவர் பேசவில்லை.
அவர் பேசாததைக் கோப்பில் எப்படிப் பதிவது
என்று எனக்குத் தெரியாது.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
அசையாமல் இருந்ததால் அறை விளக்கு தானாக அணைந்தது.
கையை உயர்த்தி ஆட்டினேன். எரிந்தது.

எழுதினேன்:
கோரிக்கை 1, புதுமை இல்லை. 2 முதல் 6 வரை அவ்வாறே.
7 பரிசீலனைக்கு உரியது,
ஒன்றோடு இணைத்துத் திருத்தி அனுப்பவும்.
அவகாசம் நான்கு மாதம்.
பக்கம் 9, வரி 14: முனையின் எண் 23 என்றிருக்கிறது, 22 ஆக வேண்டும்.
எஃப். ஹூக்ஸ்ட்ரா, ஆய்வாளர்.

ஸ்தொய்லோவா உயிரோடிருக்கிறாரா என்று கேட்கப்
படிவத்தில் இடமில்லை.
அந்த ஆறு பக்கத்தை இணைப்பில் வைத்தேன்.
தம்பெரேயில் கெட்டுனென் மூன்றாம் படத்தைப் புரட்டுவார்,
நின்று பார்ப்பாரோ என்னவோ.
சட்டைக் கையின் நுனியில் ஒரு பொத்தான்.
பொத்தானில் நான்கு துளை.
நான்கையும் வரைந்திருக்கிறார்.