பதினேழாம் கேள்வி

லைசன்ஸ் எழுத்துப் பரீட்சைக்கு
நாற்பது கேள்வி.
புத்தகத்தைத் திறந்தால்
எழுத்துகள் எறும்பாகி
அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

பார்த்துப் படி, பார்த்துப் படி என்றுதான்
களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடம் பதினொரு வருசம் சொன்னது.
கரும்பலகையை விட்டு யன்னலைப் பார்க்கிறாள்,
கவனம் குறைவு என்று
தேர்ச்சி அறிக்கையில் எழுதினார்கள்.
யன்னலை நான் பார்க்கவில்லை.
டீச்சர் பேசும்போது கண்ணை வைக்க
வெறும் இடம் ஒன்று வேண்டியிருந்தது.
தடிமன் பிடித்திருந்த ஒரு நாள் அவ சொல்லித்தந்த
பனாமாக் கால்வாய்
இன்றைக்கும் எனக்குள்
மூக்கடைப்போடுதான் ஓடுகிறது.

தவரூபனிடம் சொன்னேன்.
கட்டாரில் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம்.
"பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு கா,
நான் வாசிச்சு விடுறன்."

குரல் பதிவுகள் வரத் தொடங்கின.
கேள்வி, மூன்று விடை,
சரியானது மட்டும் இரண்டு தரம்.
இடையில் என்னென்னவோ ஏறி வந்தன:
பின்னுக்கு வரும் லொறியின் பீப் பீப்,
நேபாளிப் பாசையில் யாரோ சிரிப்பது,
அவர் தண்ணீர் விழுங்கும் மிடறு.
"மறுகா சொல்றன்" என்று
பாதியில் நின்ற பன்னிரண்டாவது.

மீன் கழுவும்போது கேட்டேன்.
தேங்காய் துருவும்போது மட்டும் நிறுத்திவைத்தேன்,
துருவலைச் சத்தம் விடைகளைத் தின்றுவிடும்.

வீதிக் குறியீடுதான் பிரச்சினை.
படத்தை எப்படிக் காதால் பார்க்கிறது?
அவர் யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னார்.
"மஞ்சள் சாய்சதுரம், சிவப்புக் கரை.
உள்ளுக்குக் கார் ஒண்டு கிடக்கு,
அதுட வாலில ரெண்டு பாம்பு.
அது வழுக்கல் பாதை."
"போன கோடு கிறுகி வருது.
அது கொண்டையூசி வளைவு."
எங்கள் பக்கம் அப்படி ஒரு வளைவே இல்லை,
கல்முனை வரை நேர் ரோட்டு.
அந்தப் பதிவின் கடைசியில்
நாலு செக்கன் பேச்சில்லை.
அதையும் பாடமாக்கினேன்.

அவர் வேறு மாதிரி ஆள்.
கேட்டது நிற்காது.
மாமிக்குக் கிளினிக் எந்த நாள்,
சீட்டுக் காசு எவ்வளவு,
சொல்லச் சொல்ல ஒழுகிவிடும்.
ஆனால் வீடியோவில் என் தோளுக்குப் பின்னால் பார்த்து
"அந்த நீல வாளி எங்க?" என்பார்.
மூன்று வருசத்துக்கு முந்திய வீட்டை
ஒரு சாமானும் அரக்காமல் வைத்திருக்கிறார்.
அதற்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டேன்.
"கிணத்தடியில. பச்சைச் சட்டை.
தோளில ஊசி குத்திக் கிடக்கு."
அப்போது நான் என்ன சொன்னேன்?
தெரியாதாம்.
சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும்.
பச்சைச் சட்டைதான்
எவ்வளவு தேடியும் நினைவில் இல்லை.

மட்டக்களப்பில், பரீட்சை மண்டபத்தில்
காற்றாடி ஒரு பக்கம் தேய்ந்து சுற்றியது.
பதினேழாம் கேள்வி.
மஞ்சள் கடவை, முன்னால் நிற்கும் பஸ், முந்தலாமா.
எறும்புகள் புறப்பட்டன.
கண்ணை மூடினேன்.
மேற்பார்வையாளர் கிட்ட வந்து
"சுகமில்லையா தங்கச்சி?" என்றார்.
இல்லை சேர், கேட்டுக்கொண்டிருக்கிறன்.
அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.
ஒரு சத்தமும் இல்லை.

பீப், பீப்.
லொறி மெல்லப் பின்னுக்கு வந்தது,
நேபாளி சிரித்தான்,
அதற்கு அடுத்துச் சொன்னதுதான் விடை.
மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

முப்பத்து நாலு சரி.
பஸ் கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுப் பக்கம் ஓடியது.
கிரான்குளத்துக்குக் கிட்ட
மஞ்சள் சாய்சதுரம் ஒன்று,
பெயின்ற் உரிந்து நின்றது.
உள்ளுக்கு என்ன கிடந்தது என்று நான் பார்க்கவில்லை.
பக்கத்து ஆசனத்து மனிசி ஏதோ கேட்டா.
நாலு செக்கன்
பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.