எட்டுப் புள்ளி ஏழு

ஒவுலு நகரில் டிசம்பரில்
மதியம் இரண்டு மணிக்கே கடையைக் கட்டிவிடும் சூரியன்.
அதனால் இரவுப் படச் சோதனையை
சாப்பாடு செரிக்கும் முன்பே தொடங்கிவிடலாம்.
இந்த வேலையில் எனக்கிருக்கும் ஒரே சலுகை அது.

பன்னிரண்டு போன்கள்.
பன்னிரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பு.
அடையாளம் தெரிய
முதுகில் பிளாஸ்திரி ஒட்டி எண் எழுதியிருக்கிறோம்.
நான்காம் எண் இரண்டாக மடங்கும்.
ஒன்பதாம் எண் மூன்றாக மடங்கும்,
ஏன் என்று அதன் பெட்டியிலும் போடவில்லை.
இரண்டாம் எண் தானாகப் பேசும்;
நேற்று உறைபெட்டிக்குள் வைத்து மூடப் போனபோது
வெளியே போக நல்ல நாள் என்றது.

இர்மெலி வாசிக்க வாசிக்க நாங்கள் மதிப்பெண் போடுகிறோம்:
பேட்டரி, திரை,
கல்லில் விழுந்தால், சூப்பில் விழுந்தால்,
கையுறை போட்ட விரலை அடையாளம் தெரிகிறதா.
காஸ்பெரி தசமத்திலேயே குடியிருப்பவன்.
எட்டரை என்று அவன் வாயில் வராது,
எட்டுப் புள்ளி ஐந்துதான்.

கேமராவுக்கு மட்டும் உர்ப்போ வர வேண்டும்.
கட்டிடத்தின் பனி அள்ளுபவர்.
பதினோரு வருடமாக
அதே விளக்குக் கம்பத்தடியில், அதே மண்வாரியோடு
நிற்கிறார் எங்களுக்காக.
கூலி, ஒரு பொட்டலம் உப்பு மிட்டாய்.

முதல் வருடத்தில் அவர் ஒரு மஞ்சள் கறை.
மூன்றாம் வருடம் மூக்கு கிடைத்தது.
பிறகு புருவம்,
பிறகு தாடையில் சவரக் கத்தியின் கீறல்.
போன்கள் தேறத் தேற
அவருக்கு வயதாகிக்கொண்டே வந்தது.

இன்று படங்களைச் சுவரில் ஒட்டினோம்.
தொப்பியைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து
ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர்
ஏழாம் எண்ணில் நின்றார்.
யார் இது?

நீங்கள்தான் என்றான் காஸ்பெரி.

நான் கண்ணை மூடியிருந்தேனே.
இமையில் பனி விழுந்தது. எனக்குத் தெரியாதா?

காஸ்பெரி விளக்கினான்:
பொத்தானைத் தொடும் முன்பே ஒன்பது படம் எடுத்துவிடும்,
ஒன்றில் கண், ஒன்றில் வாய்,
நல்லதாகப் பொறுக்கிக் கோர்த்துக்கொள்ளும்.

உர்ப்போ கேட்டார்:
அந்த ஒன்பதில் எதில் நான் சிரித்தேன்?

யாரும் பேசவில்லை.
காப்பி இயந்திரம் மட்டும் கர் என்று கனைத்தது.
படத்தின் ஓரத்தில், கூரைக்கு மேல்,
பள்ளம் பள்ளமாகத் தெளிந்த ஒரு நிலா.
ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன்.
வானம் முழுக்க ஈரக் கம்பளி.

இது ஏமாற்று என்றாள் இர்மெலி.
இது உதவி என்றாள் சைமி.
அவள் கல்யாணத்தில் நானூறு படம் எடுத்தார்களாம்,
அப்பாவோடு நின்றது ஒன்றே ஒன்று,
அதில் அவர் கண் மூடியிருக்கிறார்.
மார்ச்சில் போய்விட்டார்.
கையில் இருந்த மிட்டாய்த் தாளை
மடித்து மடித்து ஊசியாக்கிவிட்டாள்.

கூட்டிக் கழித்ததில் என் எண் ஒன்றுதான் பாக்கி.
எட்டுப் புள்ளி ஆறு போட்டால்
மூன்றாம் எண் இந்த ஆண்டின் சிறந்த போன்:
அதில் உர்ப்போ லேசாக ஆடியிருக்கிறார்,
மூடிய இமைமேல் பனித்தூள்,
வானம் கறுப்பாக, சும்மா இருக்கிறது.
எட்டுப் புள்ளி ஏழு என்றால் ஏழு.

ஏழு என்று எழுதினேன்.
சைமியின் பக்கம் பார்க்காமல் எழுதினேன்.

இதழின் அட்டையில் சிரித்தார் உர்ப்போ.
அவர் மனைவி அதை வெட்டி
பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாளாம்,
இத்தனை வருடத்தில் இப்படி ஒரு படம்
வீட்டில் இருந்ததில்லை என்று.
இதைச் சொல்லிவிட்டு அவர்
மூன்றாம் எண் படம் கிடைக்குமா என்று கேட்டார்.
கொடுத்தேன்.
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

கதவருகே போய்த் திரும்பி நின்றார்.
அடுத்த வருடம் நான் வர வேண்டுமா,
நீங்களே முடித்துக்கொள்வீர்களா?

வரணும் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
மேசைமேல் இரண்டாம் எண்
என்னைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு
நினைவூட்டல் ஒன்று குறித்துக்கொண்டது.