ஏழாம் தளம், இரவு ஷிப்ட்

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
வாசலில் எடைமேடை. ஒட்டினாற்போல் கண்ணாடி அறை.
அறைக்குள் ஆரஞ்சு எழுத்தில் எரியும் ஒரு கணினி.
பகலில் பர்வீன், இரவில் நான்.
ரசீது அடிக்க வாங்கிய பெட்டிக்குள்
பத்துத் தளத்துக்கு நிலவறை இறங்குவது
முதலாளிக்குத் தெரியாது.

பழுது பார்க்க பெங்களூரிலிருந்து வந்தவன்
இரண்டு பிளாப்பியில் விட்டுப்போனது அது.
உள்ளே ஆறு பேர்.
ஒருவர் முகமும் நமக்குக் காட்டாது,
அவர்கள் காண்பது மட்டும்:
சுவர். சுவர். வலப்பக்கம் கதவு. மறுபடி சுவர்.
ஒரு தட்டுக்கு ஓர் அடி.

பெயர் எட்டெழுத்துக்கு மேல் தாங்காது.
ஆங்கிலத்தில் வெட்டுப்பட்டு
'முனிரத்' ஆகி நான் வாளெடுத்தேன்.
மந்திரக்காரி அவள்.
பூட்டு உடைப்பவனுக்கு மண்டித் தரகரின் பெயர்.
காயம் ஆற்றும் பூசாரிக்கு
'கேஷியர்' என்று வைத்தவளும் அவள்தான்.
வலி வந்தால் வேறு யாரிடம் போவதாம்.

வரைபடம் அவள் பொறுப்பு.
பாலிடெக்னிக் கிராப் நோட்டு, கூர்சீவிய பென்சில்,
தளத்துக்கு ஒரு பக்கம்.
எடைச்சீட்டின் பின்புறம் எனக்குக் குறிப்பு:
'படியிலிருந்து கிழக்கே நாலு. கதவு இருக்கும்.
தொறக்காதே.'

தொறந்தேன்.

இரண்டரை மணி. பர்கூர் லாரி மூன்று
வரிசையில் நின்று பெங்களூரா மணத்தது.
எடை போட்டு வந்து உட்கார்ந்தால்
எட்டு எலும்புக்கூடு.
கேஷியர் முதல் சுற்றிலேயே விழுந்தார்.
கரண்ட் போய்விடுமோ என்று
விரல் நடுங்கித் தட்டியதில்
எலும்பெல்லாம் சரிந்தது, அவர் எழவில்லை.
மேற்கே திரும்பி நடந்தேன்.
நடக்க நடக்க
அவள் வரைந்துவைத்த அறைகளின் மேலேயே
என் அறைகள் வந்து விழுந்தன.
அவள் சுவர் என்ற இடத்தில் எனக்கு வழி,
அவள் வழி என்ற இடத்தில் மோதல்.
நோட்டில் கைவைக்கப் பயந்து
சீட்டின் பின்னால் பேனாவால் கோடிழுத்தேன்.
முதல் முறையாக நினைத்தேன்,
இவளுக்கு வரையத் தெரியவில்லை.

நாலே முக்காலுக்குப் படி கிடைத்தது.
எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிஷம்.
கைப்பையை ஆணியில் மாட்டாமலே கேட்டாள்.
"தொறந்தியா?"
"ம்."
"யாரு?"
"கேஷியர்."
"அங்கியே விட்டுட்டு வந்துட்டியா?"
"தூக்கிக்கிட்டுதான் வந்தேன்."
அதற்குப் பிறகுதான் பையை மாட்டினாள்.

என் சீட்டை வாங்கி நோட்டின் மேல் வைத்தாள்.
பொருந்தவில்லை. எதுவும் பேசாமல்
கடிகாரச் சுற்றில் கால் பாகம் திருப்பினாள்.
என் தாழ்வாரம் அவள் தாழ்வாரத்தின் வாயில் போய்ச் சேர்ந்தது.
என் அறைகள் ஏழும்
அவள் வெறுமையாய் விட்டிருந்த வடமூலையில்
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன.
"கதவுக்கு வெளிய ஒரு கட்டம் ஒங்கள சுத்தி விட்டிருக்கு.
சத்தம் வராது, படமும் மாறாது.
நீ மேற்குன்னு போனதெல்லாம் வடக்கு."
பசையெடுத்து என் சீட்டை ஒட்டினாள்,
பேனாக் கோடும் கூழ்க்கறையுமாக.

செத்தவரை எழுப்பக் கோயிலில்
ஐந்நூறு பொன் கேட்கிறார்கள்.
கையிருப்பு முந்நூற்றுப் பத்து.
தரகரின் கவசத்தை விற்கலாமா என்று
தலைகுனிந்து கணக்குப் போடுகையில்
கண்ணாடிக் கதவு திறந்து
டிபன் கேரியரோடு உள்ளே வந்தார்
கேஷியர் சிக்கண்ணன்.
சட்டைப்பையில் ரெனால்ட்ஸ், நெற்றியில் ஈரம் காயாத விபூதி.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.
பர்வீனும்.

இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.
"அட்வான்ஸா?
பதினஞ்சு தேதிக்கு மேல வாங்க."