படிவத்தில் இல்லாத கட்டம்

திங்கட்கிழமை ஆறு புட்டிகள்.
வாயில் துணி, துணிமேல் அரக்கு,
அரக்கில் அணைக்கட்டு நிலையத்து முத்திரை.
வேலூர் வெயிலிலும் மின்விசிறியைப் போடமாட்டேன்,
வாசனை கலைந்துவிடும்.
எண் சொல்ல இயந்திரம் இருக்கிறது.
மூக்கு அதற்கும் முன்னால் சொல்லிவிடும்.

ஒன்று, குடியாத்தம்.
கூழ் ஆலைக்குப் பின்னால் கொட்டிய கிளிமூக்குத் தோல்.
பழத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்,
தோலில் ஒட்டிய ஈஸ்ட் போதும்,
மூன்றாம் நாள் பானை தானே பேசும்.

இரண்டு, பேரணாம்பட்டு. வெல்லம், வேலம்பட்டை.
யாரோ ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறான்.
கல்யாணச் சரக்காக இருக்கும்.

நான்கு, அல்லேரி மலை. கேழ்வரகு.
இது வாழைப்பழம்போல இளகாது,
இனிப்பை மாவாக்கிப் பூட்டி வைத்திருக்கும்.
நனைத்துக் கோணியில் கட்டினால்
முளை வந்து பூட்டைத் திறக்கும்.
தன் குருத்துக்கென்று விதை திறந்ததை
தீர்த்தகிரி, த/பெ சடையன்,
தன் பானைக்கு வாங்கிக்கொண்டான்.
காய்ச்சியதில் அவசரமில்லை.
முதலில் சொட்டியதை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு
நடுவில் வந்ததை மட்டும் பிடித்திருக்கிறான்.

பிறகு நானும் காய்ச்சுவேன்.
அவனுக்கு மண்பானை, மேலே குளிர்ந்த நீர்ச்சட்டி, மூங்கில் குழாய்.
எனக்குக் கண்ணாடிக் குடுவை, நீர் ஓடும் குளிர்விப்பான், மின்னடுப்பு.
எழுபத்தெட்டுப் பாகையில் அங்கே ஏறுவதுதான்
இங்கேயும் ஏறுகிறது.
அவனுக்கு வழக்கு எண்,
எனக்குப் பணி எண்.

நான் ஆரணிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண்.
எங்கள் வீட்டில் தேன்கூட ஆகாது.
பொழுது சாய்ந்தால் உலை வைப்பதில்லை.
பத்தொன்பது வருடமாகச் சாராயம் முகர்கிறேன்,
நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை.
சில நாள் ஈஸ்டை நினைத்துக்கொள்வேன்:
சர்க்கரையைத் தின்று, பெருகி,
தான் உண்டாக்கியதிலேயே மூழ்கிச் சாகும் கோடி உயிர்.
எந்தப் பிரிவில் சேர்ப்பது அந்தக் கொலையை?

படிவம் அதெல்லாம் கேட்காது.
எத்தனால், விழுக்காடு. மெத்தனால், உண்டு, இல்லை.
பழமா தானியமா என்று எழுதக் கட்டமே இல்லை.

ஏழாவது, மூன்றரை மணிக்கு வந்தது.
ஏட்டு ஏகவல்லி மடியில் இடுக்கிக்கொண்டு
பைக்கின் பின்னால் உட்கார்ந்து கொண்டுவந்தார்.
திறந்தேன்.
மாமரம் இல்லை. வயல் இல்லை. பட்டை இல்லை.
யாரும் ஊறவைத்த வாசனை இல்லை.
ஏதோ ஆலை டிரம்மிலிருந்து
நேராகத் தண்ணீர்க் கேனுக்கு வந்தது.
இயந்திரம் முடிக்கும்வரை நின்றேன்,
ஒற்றைக் கூம்பு, வரவேண்டாத இடத்தில்.

அறிக்கை எழுதவில்லை, அடுக்கம்பாறைக்குப் போன் போட்டேன்.
நாலு பேர். ஒருவர் சுவரைப் பார்த்து
பனி கொட்டுதா என்று கேட்கிறாராம்.
"மெத்தனால்தான், உறுதி" என்றேன்.
பணி மருத்துவர் சின்னப் பையன், குரல் நடுங்கியது.
மாற்றுமருந்து கையிருப்பில் இல்லை, மேடம்,
எத்தனால்தான், மூக்குக் குழாய் வழியாக.
ஈரல் முதலில் அதைத்தான் கவனிக்கும்,
இது காத்திருக்கும், அதற்குள் டயாலிசிஸ் போட்டுவிடலாம்.

சாராயத்துக்குச் சாராயமா என்று
பக்கத்தில் ஏகவல்லி கேட்டார்.
ஆமாம் என்றேன்.
கொடுங்கள் என்றேன் போனில்,
பத்து தலைமுறைக்கும் சேர்த்துச் சொல்கிறவள்போல,
கொடுங்கள், நிறுத்தாமல் கொடுங்கள்.

வைத்தபோது மணி ஆறே முக்கால்.
பாலாற்று மணல்மேல் வெளிச்சம் போய்விட்டிருந்தது.
டப்பாவில் தயிர்சாதம், மூடியபடியே.
இனி நாளைக்குத்தான்.

நாலாம் எண் புட்டிக்கு மூடி போட மறந்திருந்தேன்.
அறை முழுக்க முளைவிட்ட கேழ்வரகு.
மின்விசிறியைப் போடவில்லை.